எருமை விட்ட மூச்சு

பொட்டு வந்த வருடம் சென்னையில் வீட்டுக்காரர்களுக்கு ஒரு பெரிய சங்கடம் தீர்ந்தது. வாடகைக்கு வருகிறவர்களிடம் "நீங்க என்ன ஆளுங்க?" என்று சுற்றி வளைத்துக் கேட்க வேண்டியதில்லை. "போனைக் காட்டுங்க" என்றால் போதும்.

கடையில் விற்கும் ஒவ்வொரு தின்பண்டத்தின் மேலும் ஒரு சின்ன வட்டம். அது விளைந்து, வெந்து, நம் கைக்கு வந்து சேர்வதற்குள் பூமியை எவ்வளவு சூடாக்கியது என்று அந்த வட்டம் சொல்லும். குறைவென்றால் பச்சை, நடுவாந்திரம் மஞ்சள், அதிகமென்றால் சிவப்பு. அரசாங்கம் அதற்கு நீளமாக ஒரு பெயர் வைத்திருந்தது. ஜனங்கள் பொட்டு என்றார்கள். பொருளை வாங்கியதும் பொட்டு போனில் ஏறிக்கொள்ளும். ஒரு மாதம் தின்றதற்கெல்லாம் சேர்த்து ஒரு நிறம், புடவைக்குக் கரை கட்டிய மாதிரி திரையைச் சுற்றி ஒளிரும். அதை அணைக்க வழியில்லை. ஓட்டல் மேசையில் போனை வைத்தால் எதிரே இருப்பவர் நம் முகத்தைப் பார்ப்பதற்கு முன் கரையைத்தான் பார்ப்பார்.

யசோதராவின் கரை எப்போதும் பச்சை. மடிப்பாக்கத்தில் அவளுக்கு வீடு கிடைத்ததே அதனால்தான். வீட்டுக்கார அம்மாள் போனை வாங்கி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, "நல்ல பச்சை. எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி இருக்கே" என்றார். யசோதரா பல்லைக் காட்டினாள். எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி. அந்த 'மாதிரி'யை வாங்க அவள் கீரையும் முளைகட்டிய பயறும் தின்று வயிறு ஊதிக் கிடந்தது அந்த அம்மாளுக்குத் தெரியாது.

அவள் அம்மா தனக்கோட்டி, ஆம்பூர்ப் பக்கம் வேலங்குப்பத்தில் ஷூ கம்பெனி வாசலில் தள்ளுவண்டி போட்டிருந்தாள். தோசை, பீப் வறுவல், சில்லி பீப். அவ்வளவுதான் வியாபாரம். யசோதராவின் அப்பா தோல் பதனிடும் ஷெட்டின் கழிவுத் தொட்டியில் இறங்கி, விஷ வாயு அடித்து, ஏறவேயில்லை. அதற்காகப் போட்ட கேஸ் தோற்ற பிறகுதான் அம்மா சொந்த ஊரை விட்டு வேலங்குப்பத்துக்கு வந்தாள். யசோதரா அதற்குள் ஹாஸ்டலில் சேர்ந்துவிட்டாள். விடுமுறைக்கு மாமா வீடு, பிறகு காலேஜ், பிறகு சென்னை. அம்மாவின் வண்டி பக்கத்தில் அவள் ஒரு முழுச் சாயங்காலம் நின்றதில்லை.

மாதம் ஒரு முறை அம்மா ஒரு டப்பாவில் உப்புக்கண்டம் போட்டு பஸ்ஸில் கொடுத்து அனுப்புவாள். கறியை உப்பும் மஞ்சளும் மிளகாயும் தடவிக் கொடியில் காயப்போட்டது. வீட்டில் செய்ததால் அதற்குப் பொட்டு கிடையாது, போனிலும் ஏறாது. ஆனால் எண்ணெயில் போட்டால் வாசம் மூன்று மாடிக்கும் ஏறும். முதல் தடவை யசோதரா டப்பாவைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு அழுதாள். பிறகு வேளச்சேரி பஸ் ஸ்டாப் நாய்களுக்குப் போட்டாள். அடுத்தடுத்த தடவைகளில் அழுகை வரவில்லை, நாய்கள் மட்டும் வந்தன. அம்மா போனில் "இந்த வாட்டி காரம் தூக்கலா இருந்துச்சா?" என்று கேட்கும்போது, "இல்லம்மா, கரெக்டா இருந்துச்சு" என்பாள்.

இதில் கொடுமை என்னவென்றால், பொட்டுக்கு நிறம் சொல்லும் இடத்தில்தான் அவளுக்கு வேலை. பொட்டுக்கென்று அரசாங்கம் வைத்த ஆணையத்துக்குக் கணக்குப் போட்டுத் தரும் பசுந்தடம் என்கிற நிறுவனம். குடும்பத்திலேயே முதல் பட்டதாரி, சுற்றுச்சூழல் பொறியியல். அம்மா கம்பெனிப் பெண்களிடம், "எம்பொண்ணு மெட்ராஸ்ல காத்தை எட போட்றா" என்று சொல்லி வைத்திருந்தாள்.

*

மாட்டின் கணக்கு எடுக்கப்பட்ட கூட்டம் ஒரு காலை நேரத்தில் நடந்தது. எல்லோர் முன்னாலும் பில்டர் காபி. யசோதராவின் மேலதிகாரி வத்சலா நல்ல மனுஷி. ஜூனியர்களைப் பேசவிடுவார், பிறந்த நாளுக்குப் புத்தகம் கொடுப்பார். அவர்தான் ஆரம்பித்தார்.

"எருமை உயிரோட இருக்கிற காலமெல்லாம் அசை போடுது. அசை போடும்போதெல்லாம் வாயு விடுது. அந்த மூச்சுதான் பூமியைச் சுடறது. அதை யார் கணக்குல எழுதறது? பாலுக்கா, கறிக்கா? யசோதரா, நீ சொல்லு."

யசோதரா திரையைக் காட்டினாள். "மேடம், நம்ம ஊர்ல கறிக்காக யாரும் எருமை வளர்க்கறதில்ல. பாலுக்குத்தான் வளர்க்கறாங்க. கறந்து முடிச்சு, மடி வத்தினதுக்கு அப்புறம்தான் சந்தைக்கு வருது. அதனால ஆயுசு பூரா விட்ட மூச்சுல பெரும்பங்கு பாலுக்குப் போகணும். மிச்சம் கொஞ்சம் கறிக்கும் தோலுக்கும்."

"அப்படிப் போட்டா?"

"பால் சிவப்பு. நெய், பன்னீர் ரெண்டும் கருஞ்சிவப்பு. கிழட்டு எருமைக் கறி மஞ்சள்."

பால் சங்கத்தின் சார்பில் வந்திருந்தவர் தம்ளரைக் கீழே வைத்தார். "அம்மாடி, அப்ப நான் இப்ப குடிச்சது?"

"சிவப்பு சார்."

மேசையைச் சுற்றிச் சிரிப்பு எழுந்தது. வத்சலா மட்டும் சிரிக்கவில்லை. "விஞ்ஞானப்படி நீ சொல்றது சரி யசோதரா. நான் இல்லேங்கலை. ஆனா யோசிச்சுப் பாரு. காலைல எழுந்ததும் பால் பாக்கெட்ல சிவப்பைப் பார்த்தா ஜனங்க என்ன செய்வாங்க? பாலை விட மாட்டாங்க, பொட்டைக் கிழிச்சு எறிவாங்க. பொட்டே போச்சுன்னா அப்புறம் எதை வெச்சுப் பூமியைக் காப்பாத்தறது? முதல்ல பொட்டு நிக்கட்டும். அப்புறம் மெதுவா திருத்திக்கலாம்."

குழுவில் மூத்தவரான அனந்தகிருஷ்ணன் தலையாட்டினார். "எளிமையா ஒரு வழி இருக்கு. உயிரோட இருக்கிற வரைக்கும் மாட்டோட கணக்கு முடியலை. யார் அதை அறுக்கறானோ அவன் முடிக்கறான். முடிக்கறவன் தலையில எழுதிடுங்கோ. அதுவும் யாரு சாப்பிடறா அதை?" கண்ணாடிக்கு மேலே எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "இந்த ரூம்ல யாராவது உண்டா?"

எல்லோரும் சிரித்தார்கள். யசோதராவும் சிரித்தாள். சொல்லப்போனால் அவள் சிரிப்புதான் கொஞ்சம் சத்தமாக இருந்தது.

மதியச் சாப்பாட்டுக்கு முன் அந்த எண்களைப் பால் பக்கத்திலிருந்து கறிப் பக்கத்துக்கு நகர்த்தியது அவள் கைதான். பாலுக்கு இளம்பச்சை கிடைத்தது. கறி, ஆணையத்தின் அட்டவணையிலேயே இல்லாத ஒரு சிவப்புக்குப் போயிற்று. அதற்கென்று புதிதாக ஒரு சிவப்பைத் தயார் செய்யச் சொன்னார்கள்.

சாயங்காலம் ஆத்திரம் தாங்காமல் அம்மாவுக்குப் போன் போட்டாள். பின்னால் கம்பெனி சங்கு ஊதிற்று, தோசைக்கல் சீறிற்று.

"இன்னாடி இந்நேரத்துல? கூட்டம் வர்ற நேரம்."

"அம்மா, எல்லாம் அயோக்கியப் பசங்கம்மா. எருமை பாலுக்காகத்தான் உசுரோட இருக்கு. அது காலம் பூரா விடற மூச்சு பால் குடிச்சவன் கணக்குலதான வரணும்? மொத்தத்தையும் கறி மேல ஏத்திட்டாங்க."

அம்மாவின் கரண்டி கல்லில் சுரண்டும் சத்தம் கேட்டது. "அப்ப பன்னெண்டு வருசம் அவங்க பால் குடிப்பாங்க. கடைசியா நாம ஒரு வேளை கறி துன்னா, எல்லாப் பாவமும் நம்மளுதா?"

"ஆமாம்மா."

"நீ அங்கதான இருந்த? சொல்லலியா?"

"சொன்னேன். எடுபடல."

அது பொய்யில்லை. அதில் ஒரு சிரிப்பு மட்டும் விட்டுப்போயிருந்தது.

*

அதற்கப்புறம் வண்டிகளுக்கும் பொட்டு வந்தது. பொட்டலம் இல்லாத பண்டத்துக்கு மோப்பப்பெட்டி. அடுப்புக்கு மேல் ஒரு கம்பியில் தொங்கும். ஆவியை மோந்து பார்த்து, என்ன வேகிறது என்று கண்டுபிடித்து, அதற்கேற்ற நிறத்தில் ஒரு விளக்கு எரியும். இட்லி வண்டிக்குப் பச்சை. தனக்கோட்டியின் வண்டிக்கு அந்தப் புதுச் சிவப்பு. அரை பர்லாங்குக்குத் தெரியும்.

"லைட்டு மாட்டுனதுலேர்ந்து கண்ட நாயும் பேசுது" என்றாள் அம்மா போனில். "நேத்து ஒருத்தன் வண்டிய நிறுத்தி, இன்னா யக்கா, செவப்பு லைட்டு போட்டு உக்காந்துகினு கீற, ரேட்டு இன்னான்றான். கரண்டியக் காச்சி வெக்கலாம்னு வந்துச்சு. கம்பெனிப் பொண்ணுங்க வேற கூச்சப்படுதுங்க. தட்ட முந்தானைல மூடிக்கினு போய் செவுத்தப் பாத்து நின்னு துன்னுதுங்க. பசியோட வந்து, திருட்டுப் பொருள் துன்ற மாதிரி."

யசோதரா அப்போது ஆபீஸ் கேண்டீனில் இருந்தாள். எதிரே பன்னீர். இளம்பச்சை.

பிறகு ஆணை வந்தது. பள்ளி, பஸ் நிலையம், தொழிற்சாலை வாசல் எல்லாம் பசுமை வட்டம். அந்த வட்டத்துக்குள் சிவப்பு விளக்கு எரியக் கூடாது. அம்மாவின் வண்டி வாசலை விட்டுப் போக வேண்டும். கம்பெனி விட்டு, கிராமத்து பஸ் ஏறுவதற்குள் அந்தப் பெண்களுக்குக் கிடைப்பது ஒரு தோசை தின்கிற நேரம். ஆற்றுப்பாலம் தாண்டி வண்டி போட்டால் ஒரு ஈயும் வராது. வாசல் போனால் வண்டி போச்சு. வண்டி போனால் அம்மாவுக்கு மிஞ்சுவது அப்பாவை விழுங்கிய மாதிரி இன்னொரு தோல் ஷெட்.

அம்மா ஆட்சேபணை கொடுத்தாள். கைநாட்டு இல்லை, கையெழுத்தே போட்டாள்.

வத்சலா யசோதராவைக் கூப்பிட்டார். "மாவட்ட விசாரணைக்கு நம்ம பக்கத்துலேர்ந்து தொழில்நுட்ப சாட்சி ஒருத்தர் போகணும். நீயே போயேன். வேலூர்ப் பக்கத்துப் பொண்ணுதானே, அவங்க பேச்சு உனக்குப் புரியும். நானும் கூட வரேன்."

"நான் என்ன சொல்லணும் மேடம்?"

"எண் சரின்னு சொல்லணும், அவ்வளவுதான். ஆனா ஜாக்கிரதை. சாட்சி வாயிலேர்ந்து 'சந்தேகம்'னு ஒரு வார்த்தை வந்தாப் போதும், ஆணையை நிறுத்தி வெச்சு, மறுபடி அளக்கச் சொல்லிடுவாங்க. அப்புறம் பால் கணக்கெல்லாம் தோண்டுவாங்க."

ஒரு வார்த்தை. யசோதரா அன்றிரவு அதையெல்லாம் அம்மாவிடம் போனில் சொன்னாள். அம்மா அதிர்ச்சி அடையவில்லை, திட்டவில்லை. ஏதோ யோசித்து முடித்துவிட்டவளைப் போலச் சொன்னாள்:

"சரி. அங்க என்னப் பாத்தா தெரியாத மாதிரி இரு. நானும் உன்னத் தெரியாத மாதிரி இருக்கேன். அம்மா கிம்மான்னு வாயில வந்துடக் கூடாது, ஆமா."

"ஏம்மா?"

"சொன்னாக் கேளு."

யசோதரா அதற்கு மேல் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்றால், அந்தச் சொல்லைக் கேட்டதும் அவள் நெஞ்சில் முதலில் வந்தது நிம்மதி. அம்மாவுக்கே புரிந்திருக்கிறது, என் வேலை, என் வீடு, என் பச்சைக் கரை எல்லாம் எதன் மேல் நிற்கிறது என்று. பாவம், எனக்காகத் தன்னை மறைத்துக்கொள்கிறாள். அப்படித்தான் நினைத்தாள். நினைத்ததும் ஒரு கணம் வெட்கமாக இருந்தது. பிறகு எந்தச் சேலை கட்டுவது என்று யோசிக்கப் போய்விட்டாள்.

*

விசாரணை ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. முந்தின நாள் வரவேற்புக்கு வைத்த தெர்மாகோல் மயில்கள் மேடையில் அப்படியே நின்றன. அவற்றின் நடுவே விசாரணை அதிகாரி குணசீலன் உட்கார்ந்திருந்தார். பொறுமையான மனிதர். வந்திருந்த ஒவ்வொரு வண்டிக்காரரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தண்ணீர் குடிக்கச் சொல்லி, பிறகு பேசச் சொன்னார். வத்சலா முதல் வரிசை. அம்மா கடைசி வரிசையில், மடியில் மஞ்சள் பை.

யசோதரா மைக் முன்னால் நின்றாள். அதிகாரி வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"ஆட்சேபணை கொடுத்தவங்கள்ல உங்களுக்கு உறவினர் யாராவது இருக்காங்களா? இந்த முடிவால உங்களுக்குச் சொந்த லாப நஷ்டம் எதாவது உண்டா?"

அம்மா பையின் காதைத் திருகிக்கொண்டு தரையைப் பார்த்திருந்தாள்.

"இல்லை" என்றாள் யசோதரா.

அம்மாவின் முறை வந்தபோது அவள் மைக்கைத் தொடாமல் கொஞ்சம் தள்ளியே நின்றாள், அடுப்புப் பக்கம் நிற்கிற பழக்கத்தில்.

"எனக்குப் படிப்பில்ல சார். கணக்கும் தெரியாது. இந்த மேடத்த ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன்."

"கேளுங்கம்மா."

அம்மா திரும்பி யசோதராவைப் பார்த்தாள். நேராக, கண்ணுக்குள்.

"மேடம், எரும எதுக்கு மேடம் வளக்கறாங்க? பாலுக்கா, கறிக்கா?"

மேடம். அந்தச் சொல் அம்மாவின் வாயிலிருந்து துளிகூடத் தடுமாறாமல் வந்தது.

"பாலுக்கு" என்றாள் யசோதரா.

"அப்ப அது பால் குடுத்த காலமெல்லாம் விட்ட மூச்சு யாருது மேடம்? அத எங்க அடுப்பு மேல ஏத்தி வெச்சது சரியா? நீங்க படிச்சவங்க. யாருக்கும் பயப்படாம, மனசுல இருக்கறத அப்படியே சொல்லுங்க. நீங்க இன்னா சொன்னாலும் நான் ஒத்துக்கறேன்."

அம்மாவின் கண் அவளை விடவில்லை. அந்தக் கண்ணில் என்னமோ இருந்தது. கெஞ்சல் இல்லை. தேர்வு மண்டப வாசலில் விட்டுவிட்டுப் போகும்போது பார்ப்பாளே, அந்தப் பார்வை. யசோதராவுக்கு அது புரியவில்லை. புரிய விடவில்லை என்பதுதான் உண்மை.

"அது... ஆணையம் ஏத்துக்கிட்ட பங்கீட்டு முறைப்படி..." என்று ஆரம்பித்தாள்.

அதிகாரி இடைமறித்தார். "முறை எல்லாம் இருக்கட்டும்மா. நேரா சொல்லுங்க. இந்த எண்ல உங்களுக்குச் சந்தேகம் இருக்கா, இல்லையா?"

வத்சலா முதல் வரிசையிலிருந்து லேசாகத் தலையசைத்துப் புன்னகைத்தார். யசோதராவுக்கு அந்தக் காபி மேசை ஞாபகம் வந்தது. இந்த ரூம்ல யாராவது உண்டா? இப்போது சந்தேகம் என்று சொன்னால், இந்தப் பெண் எதற்கு மாட்டுக்கறிக்கு இவ்வளவு வக்காலத்து வாங்குகிறாள் என்று பார்ப்பார்கள். பார்த்தால் ஊரைக் கேட்பார்கள், தெருவைக் கேட்பார்கள். தெருவைக் கேட்டால் எல்லாம் தெரிந்துவிடும். அம்மாவே தெரியாத மாதிரி இரு என்றுதானே சொன்னாள்?

"சந்தேகம் இல்லை" என்றாள்.

அம்மா கண்ணை எடுத்தாள். "சரிங்க மேடம். படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். குரலில் கோபம் இருந்திருந்தால் பரவாயில்லை. இல்லை.

அதிகாரி ஆணையைப் படிக்க ஆரம்பித்தார். அம்மா கடைசி வரிசைக்குத் திரும்பிப் போய், குனிந்து நாற்காலிக்கு அடியிலிருந்து பையை எடுத்தாள். குனியும்போது முழங்கைக்குக் கீழே எண்ணெய் தெறித்த பழைய தழும்புகள் வரிசையாகத் தெரிந்தன. கல்லூரிக்குப் பணம் கட்டிய வருடங்களில் வாங்கியவை. ரப்பர் செருப்பைக் காலால் தேடினாள். ஒன்று கிடைத்தது, இன்னொன்று முன் நாற்காலிக்கு அடியில் போயிருந்தது. அதை எட்டி இழுக்க அவள் பட்ட பாட்டைப் பார்த்தபோதுதான் யசோதரா மைக்கைப் பிடித்தாள்.

"சார், நிறுத்துங்க! அந்தக் கணக்கு தப்பு."

அதிகாரி நிமிர்ந்தார். "இப்பதானே சரின்னீங்க?"

"பயத்துல சொன்னேன். தப்புக் கணக்கு சார். பாலோட பங்கை மொத்தமா கறியில ஏத்தியிருக்கு. எனக்குத் தெரியும். நகர்த்தினது நான்தான்."

"பயமா? யாருக்குப் பயந்தீங்க?"

யசோதரா வாயைத் திறந்தாள். அம்மா கடைசி வரிசையில் ஒற்றைச் செருப்போடு நின்றபடி வேகவேகமாகத் தலையை ஆட்டினாள். வேண்டாம், வேண்டாம். அதையும் யசோதரா தப்பாகவே படித்தாள். இன்னும் என்னைக் காப்பாற்றப் பார்க்கிறாளே என்று நினைத்தாள்.

"அவங்க என் அம்மா சார்" என்று கத்தினாள். "நான் அவங்க பொண்ணு. நாங்க இதைத்தான் சாப்பிட்டு வளர்ந்தோம்."

அம்மா கண்களை மூடிக்கொண்டாள்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். பிறகு, "நெஜமாம்மா?" என்று அம்மாவைக் கேட்டார்.

"ஆமாங்க" என்றாள் அம்மா.

"அப்ப நான் என்ன செய்யட்டும், சொல்லுங்க." அவர் குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. "உறவு இல்லைன்னு சாட்சி சொல்லியிருக்காங்க. இருக்குன்னு ஆயிடுச்சு. அதனால முன்ன சொன்னதும் செல்லாது, இப்ப சொல்றதும் செல்லாது. பெத்த அம்மா வண்டிக்காக மகள் கணக்கு தப்புன்னு சொன்னா அதை நான் எப்படி எழுதறது? சாட்சியே இல்லைன்னா பொட்டு இருக்கற மாதிரி இருக்கும். ஆணை நாளன்னைக்கு அமலுக்கு வருது."

வாசலில் வத்சலா அவள் தோளைத் தொட்டார். "எங்கிட்ட சொல்லியிருக்கலாமே யசோதரா? நாங்கெல்லாம் அப்படியா பார்ப்போம்?" என்றார். மனசாரத்தான் சொன்னார். சொல்லிக்கொண்டே அவர் பார்வை யசோதராவின் கையிலிருந்த போனுக்கு, அதன் பச்சைக் கரைக்குப் போயிற்று. "அப்ப இது...?" என்று ஆரம்பித்து, முடிக்காமல், கையை எடுத்துக்கொண்டார்.

*

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் அம்மா. பாலாறு மணலாகக் கூடவே வந்தது. மாதனூர் தாண்டிற்று.

"எனக்கு வேலை போனாலும் பரவால்லம்மா" என்றாள் யசோதரா கடைசியில். "எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன். இனிமே மறைக்கறதுக்கு ஒண்ணுமில்ல."

"உன் வேலையப் பத்தி யாரு பேசுனது இப்ப?"

"நீதான தெரியாத மாதிரி இருன்ன. எனக்காகத்தான..."

அம்மா திரும்பினாள். அன்று முதல் முறையாக அவள் முகம் கோணிற்று.

"உனக்காகவா? அடி கூறுகெட்டவளே. உங்கப்பா கேசு எதுல தோத்துச்சு? தொட்டில எறங்கச் சொல்லி மொதலாளி ஆளு மெரட்டுனத உங்க மாமன் கண்ணால பாத்தான். கோர்ட்ல ஏறி சொன்னான். இன்னா சொன்னாங்க? சொந்தக்காரன் சாட்சி, செல்லாதுன்னுட்டாங்க. வேற ஒருத்தன், யாரோ எவனோ, நம்ம தெருவுல கால் வெக்காதவன் ஒருத்தன் சொல்லியிருந்தா ஜெயிச்சிருப்போம். அப்படி ஒருத்தன் நமக்குக் கெடைக்கல. இந்த வாட்டி கெடச்சுதுன்னு நெனச்சேன். மெட்ராஸ்லேர்ந்து, சேல கட்டிக்கினு, அவங்க ஆளாவே வந்து நிக்கற. நீ அயலாளா நின்னு ஒரு வார்த்த சொன்னா எடுபடும்டி. அதுக்குத்தான் பெத்த பொண்ண மேடம் மேடம்னு கூப்புட்டு நின்னேன்." மூச்சு வாங்கினாள். "அயலாளா இருக்கச்சொல்ல வாயத் தொறக்கல. வாயத் தொறக்கச்சொல்ல பொண்ணாயிட்ட."

யசோதரா முன் இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஆறு வருடம் ஹாஸ்டலில் இருந்து, நாலு வருடம் பொறியியல் படித்து, அவளுக்குத் தெரிந்தது எருமை விடுகிற மூச்சை அளக்க மட்டும்தான்.

வேலங்குப்பத்தில் இறங்கியபோது கம்பெனி விடுகிற நேரம். நாளை ஒரு நாள் இருக்கிறது, இன்று அடுப்பு எரியத்தான் வேண்டும். அம்மா ஒன்றும் நடக்காத மாதிரி வண்டியின் தார்ப்பாயை விலக்கி, ஸ்டவ்வைப் பற்ற வைத்து, கல்லைத் துடைத்தாள். யசோதரா வெங்காயம் நறுக்கக் கையை நீட்டினாள். அம்மா கத்தியைக் கொடுக்கவில்லை. ஓரமாகக் கிடந்த பிளாஸ்டிக் ஸ்டூலைக் காட்டினாள், வாடிக்கைக்காரருக்குக் காட்டுகிற மாதிரி.

வாணலியில் கறி விழுந்ததும் மேலே மோப்பப்பெட்டி ஒரு முறை கனைத்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. அம்மாவின் முகம், எதிர்ச் சுவர், யசோதராவின் நல்ல சேலை எல்லாம் அந்த நிறமாயின. அவள் ஆபீசில் புதிதாகத் தயார் செய்யச் சொன்னார்களே, அதே நிறம்.

சங்கு ஊதிற்று. பெண்கள் வந்தார்கள். கழுத்தில் அடையாள அட்டையும் விரல்களில் காயாத பசையுமாக ஒரு சின்னப் பெண், வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவள் போல, தட்டை வாங்கி முதல் துண்டை வாயில் போட்டபோது ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவளைக் கவனித்தாள்.

"யாரு யக்கா இவங்க? உங்க ஊட்டுக்கு வந்தவங்களா?"

யசோதரா அம்மாவைப் பார்த்தாள். சொல்லு. எல்லோர் முன்னாலும் நான் சொல்லிவிட்டேனே, நீயும் சொல்லு.

அம்மா தோசையைத் திருப்பிப் போட்டாள்.

"மெட்ராஸ் மேடம்" என்றாள், தலை நிமிராமல். "பொட்டு வெக்கறவங்க."

அந்தப் பெண்ணின் வாய் மெல்வதை நிறுத்திற்று. சட்டென்று துப்பட்டாவை இழுத்துத் தட்டின் மேல் போட்டு மூடிக்கொண்டு, யசோதராவுக்கு முதுகைக் காட்டி, சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள்.